ஞானம்மா வாங்கிய மடக்கு சைக்கிள்

சி. ஞானம்மா 1980ஆம் ஆண்டு மார்ச் மாதம், பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டுச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். 1999 மே மாதம் அதே ஊரைச் சேர்ந்த சின்னதுரையை மணந்தார். 2006 வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எண்ணெய் பாட்டில்களுக்கு மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிசிறு உள்ள மூடிகளைப் பொறுக்கி எடுக்கும் மேசையில் சேர்ந்தார். 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, பகல் ஷிப்டின் லைன் இன்சார்ஜாக ஒரு மாதத் தகுதிகாண் முறையில் அமர்த்தப்பட்டார். மடக்கு சைக்கிள் 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை வாங்கப்பட்டது.

அத்தொழிற்சாலையில் அதுவரை எந்தப் பெண்ணும் லைன் இன்சார்ஜாக இருந்ததில்லை. உற்பத்தி மேலாளர் தணிகைவேல் நியாயமானவர். அதனால் நிபந்தனையை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"காலைல எட்டுக்கு நைட் ஷிப்ட்கிட்ட இருந்து லைன நீங்க வாங்கணும். மாசத்துல ரெண்டு லேட் வரைக்கும் பரவால்ல. மூணாவது வந்துச்சுன்னா, தப்பா எடுத்துக்காதீங்க, மறுபடியும் மூடி மேசைதான். குணாவ போட்டுருவேன்."

குணா பள்ளிப்பட்டிலிருந்து வந்த இருபத்து நான்கு வயது டிப்ளமோ இளைஞர். தொழிற்சாலை வாசலுக்கு நேரெதிரே அறை எடுத்துத் தங்கியிருந்தார். எட்டு மணி ஷிப்டுக்கு ஏழு ஐம்பத்தைந்து வரை தலை துவட்டிக்கொண்டிருக்கும் வசதி அவருக்கு இருந்தது. ஞானம்மாவோ வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் கடந்து பொன்னேரி நிலையம் வர வேண்டும். அங்கிருந்து மின்ரயிலில் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து மீண்டும் நான்கு கிலோமீட்டர், சிப்காட்டின் கடைக்கோடி. ரயில் அவரைக் கைவிட்டது அரிது. கைவிட்டதெல்லாம் கும்மிடிப்பூண்டி நிலைய வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோதான். நிரம்பாமல் புறப்படுவதில்லை என்பது அவ்வாகனத்தின் கொள்கை.

ஜூன் 5 அன்று ஆட்டோ ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு டிக்கெட்டுமா. வந்துச்சுன்னா பறந்துடலாம்" என்றார் ஓட்டுநர். அந்த ஒருவர் வருவதற்குள் எட்டு ஐந்து ஆகிவிட்டது. ஜூன் 7 அன்று ஆட்டோ சீக்கிரமே நிரம்பியது. அந்த மகிழ்ச்சியில் ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் இருவர் பொறுமையிழந்து இறங்கி நடந்துவிட்டனர். ஆகவே மேலும் இருவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் வாரத்திலேயே இரண்டு தாமதங்களும் தீர்ந்துபோயின.

குணா அவரிடம் அன்பாகவே சொன்னார். "அக்கா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க. மெதுவா வாங்க. லைன நான் பாத்துக்கறேன்."

தணிகைவேலின் எச்சரிக்கையைக் கேட்டும் தூங்கியவர், இந்த ஆறுதலைக் கேட்டபின் தூங்கவில்லை.

கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு சாதாரண சைக்கிளை நிறுத்திவைத்து ஓட்டலாமே என்று யாரும் கேட்கக்கூடும். 2019இல் அதைச் செய்து பார்த்திருக்கிறார். வேலியோரம் பூட்டி வைத்துவிட்டு இரவு வீடு திரும்புவார். முதல் வாரம் மணி போயிற்று. இரண்டாம் வாரம் சீட்டு போயிற்று. மூன்றாம் வாரம் பூட்டு மட்டும் இருந்தது.

ஜூன் 8, சனிக்கிழமை, மின்ரயிலின் மகளிர் பெட்டியில் ஜபீன் ஒரு தீர்வைக் கொண்டுவந்தார். ஜபீன் பழவேற்காட்டு வணிகக் குடும்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கணக்கர், பொன்னேரிக்கு முன்பே ரயிலேறுபவர். எந்தப் பொருளையும் மூன்று இடங்களில் விலை கேட்காமல் வாங்குவதை ஒழுக்கக்கேடு என்று கருதுபவர். அவர் தம் கைப்பேசியை ஞானம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அக்கா, இத்த பாருங்க. மடக்குற சைக்கிளு. மடக்கினா பொட்டி மாறி ஆயிடும். ஊட்ல இருந்து ஓட்டிக்கினு வாங்க, இங்க மடக்கி வெச்சுக்கோங்க, அங்க எறங்கி பிரிச்சு ஓட்டுங்க. ஆட்டோக்காரன் இன்னொரு டிக்கெட்டுக்கு நிக்கட்டும், நம்மளுக்கு இன்னா?"

"இத்த யாரு ஓட்டுவாங்க?"

"பெங்களூர்ல ஐடி ஆளுங்க."

"அவங்க ஒல்லியா இருப்பாங்க, ஜபீன். என்னப் பாரு."

"நூறு கிலோ தாங்கும்னு போட்டிருக்கு."

"அப்ப சரி. மதிய சாப்பாட்டையும் சேத்து தாங்கும்."

எதிரிருக்கையில் தினமும் அமரும் அத்திப்பட்டுப் பெண்மணி கண்ணைத் திறந்தார். "மடக்கினா எம்மாம் பெருசு வரும்? என் முட்டில இடிச்சுச்சு, நான் பேசாம இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

இது முறையான ஆட்சேபம் என்று ஜபீன் ஏற்றுக்கொண்டார். கதவருகே கடைசி இருக்கைக்கும் தடுப்புத் தகட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வழக்கமாகக் குடங்களும் பைகளும் நிற்கும் இடம். அதைத் தம் துப்பட்டாவால் அளந்து, அகலத்துக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு ஒரு முடிச்சும் போட்டார். அன்று முழுவதும் அந்த முடிச்சுகளோடேயே அலுவலகத்தில் கணக்குப் பார்த்தார்.

மறுநாள் மூவர் சென்னைக்குச் சென்றனர்: ஞானம்மா, முடிச்சிட்ட துப்பட்டாவுடன் ஜபீன், இரும்பைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சின்னதுரை.

சின்னதுரை வெல்டர். பொன்னேரி சாலையோரம் கேட்டும் கிரில்லும் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். 2009இல் அவர் ஒரு வீட்டுக்குச் செய்துகொடுத்த கேட்டின் மீது தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்து மோதியதில் சுவர் விழுந்தது, கேட்டு நின்றது. அசையும் பொருள் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் வீட்டுக் கட்டில், அலமாரி, தொலைக்காட்சி நிற்கும் மேடை, துணி காயப்போடும் கம்பி யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டவை. அதனால் 2012க்குப் பிறகு அவ்வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்ற முடிந்ததில்லை.

கடையில் விற்பனையாளர் மூன்று மடக்கு சைக்கிள்களைக் காட்டினார். சின்னதுரை ஒவ்வொன்றின் சட்டத்தையும் விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டார்.

"இது அலுமினியம்."

"ஆமா சார். லைட் வெயிட். மேடம் ஒரு கையில தூக்கலாம்."

"அலுமினியத்துல இட்லி குண்டான் செய்வாங்க. ரோட்ல போற ஜாமானா செய்வாங்க?"

"சார், ஏரோபிளேனே அலுமினியம்தான் சார்."

"ஏரோபிளேன் கவரப்பேட்ட பள்ளத்துல எறங்கி ஏறுதா?"

விற்பனையாளர் இரண்டாவது சைக்கிளுக்குச் சென்றார். அதன் சக்கரங்கள் மிகச் சிறியவை. ஞானம்மா அதன் மீது ஒருமுறை ஏறி அமர்ந்து, கடைக் கண்ணாடியில் தம்மைப் பார்த்துவிட்டு உடனே இறங்கினார்.

"ஏன்க்கா?" என்றார் ஜபீன்.

"சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அந்த மாறி கீது."

மூன்றாவது, இரும்புச் சட்டம் கொண்ட இருபது அங்குலச் சக்கர வண்டி, நீல நிறம், பின்னால் சிறு கேரியர். சின்னதுரை தட்டினார். அவர் முகம் தெளிந்தது.

"இது இரும்பு."

"கொஞ்சம் வெயிட் இருக்கும் சார்."

"இருக்கணும்."

ஞானம்மா தூக்கிப் பார்த்தார். தினமும் குழாயிலிருந்து சுமக்கும் குடத்தைவிடக் கனமில்லை என்றார். விற்பனையாளர் நடுச்சட்டத்தில் இருந்த பிடியைத் தூக்கி, சைக்கிளை இரண்டாக மடித்து, கைப்பிடித் தண்டைச் சாய்த்துக் காட்டினார். வேகமாகச் செய்ததால் யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் மெதுவாகச் செய்து காட்டினார். பிறகு ஞானம்மா செய்தார்; முதல்முறை விரல் நசுங்கியது; இரண்டாம்முறை நசுங்கவில்லை. ஜபீன் மடங்கிய வண்டியின் மீது துப்பட்டாவை விரித்தார். இரண்டு முடிச்சுகளுக்குள்ளும் அடங்கியது.

"பிக்ஸட் பிரைஸ் மேடம்" என்றார் விற்பனையாளர், யாரும் கேட்காமலேயே.

"நான் வெலய பத்திப் பேசவே இல்லியே தம்பி" என்றார் ஜபீன். கால் மணி நேரத்தில், விலையைப் பற்றிப் பேசாமலேயே, ஒரு மணி, ஒரு பூட்டு, காற்றடிக்கும் பம்பு, முன்விளக்கு ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டார்.

திரும்பும் வழியில் சென்ட்ரலில் ஞானம்மா தாமே சைக்கிளை மடக்கி ரயிலில் ஏற்றினார். அது குறித்த இடைவெளியில் குறித்தபடி நின்றது. மாலையில் ஊர்ப் பெண்கள் கூடி, மடக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். பிந்தி வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டதால் இன்னொரு முறையும் காட்டினார். சின்னதுரை மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. அவர் சைக்கிளைச் சாலை வளைவு வரை ஓட்டிப் போய்வந்து, நடுவில் மடங்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். தலைவலி என்று சொல்லி அன்று மாலை ஆராதனைக்கும் வரவில்லை.

ஜூன் 10, திங்கட்கிழமை. விடிந்த சற்று நேரத்தில் ஞானம்மா சைக்கிளில் புறப்பட்டார். மூன்று கிலோமீட்டரும் சுகமாகப் போயின. நேற்று சற்று நடுங்கிய வண்டி இன்று கல்லில் செதுக்கியதுபோல் ஓடியது. கேரியருக்கு அடியில் இரண்டு கம்பிகள் புதிதாக முளைத்திருந்ததைக் கண்டு, கணவரின் அக்கறையை எண்ணி மகிழ்ந்தார்.

பொன்னேரி நடைமேடையில் பிடியைத் தூக்கினார். பிடி வந்தது. சைக்கிள் மடங்கவில்லை. முட்டியைக் கொடுத்து அழுத்தினார். கைப்பிடித் தண்டைச் சாய்த்துப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. நடுச்சட்டத்தைத் தடவினார். நீலச் சாயத்துக்கு அடியில் ஒரு வளையம் புடைத்திருந்தது. கைப்பேசியை எடுத்தார்.

"யோவ், சைக்கிள இன்னாயா பண்ண?"

"ஏன், ஆடுதா?"

"ஆடல."

"அதான் பாத்தியா!"

"மடங்கவும் இல்லய்யா!"



"நடுவுல ஒரு டேக் வெல்டிங் போட்டேன், ஞானம்."

"ஒரு டேக்கா?"

"சுத்திப் போட்டேன். ஹேண்டிலுக்கும் சேத்து. லாரி போற ரோட்ல நீ ஒண்டியா போவச்சொல்ல அது ரெண்டா பூடுச்சுன்னா? மத்தியானத்துல இருந்து எனக்கு அதே நெனப்பு."

"மடங்குற எடம்யா அது!"

"தெரியும். அங்கதான ஆடுது."

ஞானம்மா ரயில் வரும் திசையைப் பார்த்தார். அதற்குள் சின்னதுரை தொடர்ந்தார். "நீ அங்கயே நில்லு. கட்டிங் மிஷின எடுத்துக்கினு வரேன். பிளாட்பாரத்துல கரண்டு குடுப்பாங்களானு கேளு."

ரயில் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்த ரயில் எட்டு மணிக்குள் கும்மிடிப்பூண்டி சேராது. மகளிர் பெட்டியின் வாசலில் ஜபீன் நின்றிருந்தார். குடங்களை நகர்த்தி இடைவெளியைக் காலியாக வைத்திருந்தார்.

"அக்கா, மடக்குங்க!"

"மடங்கல, ஜபீன்!"

"கிளிப்ப தூக்குங்கக்கா!"

"கிளிப்பு வருது, சைக்கிளு வரல!"

ஜபீன் முன்சக்கரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார். கைப்பிடி வாசலில் மாட்டியது. "முழு சைக்கிள உள்ள இஸ்தா நான் எறங்கிடுவேன்!" என்று அத்திப்பட்டுப் பெண்மணி எழுந்தே நின்றுவிட்டார். ஏறவேண்டியவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஞானம்மா சைக்கிளை வெளியே இழுத்துக்கொண்டார். மூன்றாவது தாமதம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அது நீல நிறத்தில் இருந்தது.

"இந்தாமே! இங்க தள்ளு அத்த!"

அடுத்த பெட்டியிலிருந்து குரல் வந்தது. அது மீன் கூடைகளும் பால் கேன்களும் ஏறும் வியாபாரிகள் பெட்டி. வாசலில் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ரோசம்மாள் நின்றிருந்தார். காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்து, சிப்காட் முக்கில் கடைபோடும் அறுபது வயதுப் பெண்மணி.

"இது மடங்காதுக்கா!" என்றார் ஞானம்மா.

"மடங்காட்டி இன்னா? என் கூடை மட்டும் மடங்குதா? தள்ளுமே!"

ரோசம்மாள் முன்சக்கரத்தைத் தூக்க, ஒரு பால்காரர் பின்சக்கரத்தைத் தூக்க, ஞானம்மா நடுவில் தொங்கியபடி ஏறினார். ரயில் நகர்ந்தது.

வியாபாரிகள் பெட்டிக்கு எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. தூக்கி ஏற்றப்பட்டவர், இறங்கும்போது தூக்கியவரின் சுமையில் பங்கெடுக்க வேண்டும். தலை உள்ளவர் தலையால். சக்கரம் உள்ளவர் சக்கரத்தால். ரோசம்மாளிடம் இரண்டு கூடைகள் இருந்தன. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரு கூடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சம்மதிப்பார்கள், இரண்டாவதற்குச் சம்மதிப்பதில்லை. அவர் கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு அதன் மீது உட்கார்ந்தே பார்த்தார்.

"யாரு போட்டது இந்தக் கம்பி?"

"எங்க ஊட்டுக்காரரு."

"நல்ல கை. ஒரு கூடைய நீ எத்துக்கினு போ. முக்குல நான் வந்து வாங்கிக்கறேன்."

"அக்கா, எட்டுக்கு நான் லைன்ல நிக்கணும். இன்னிக்கு லேட் ஆச்சு, வேல போச்சு."

"உன் கம்பெனி முக்குக்கு அந்தாண்டதான? வழில எறக்கி வெச்சுட்டுப் போய்க்கினே இரு. நானும் பின்னாலயே ஆட்டோல வந்துடுவேன்."

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர் வழிமறித்தார். கண்ணியமானவர், அவசரமே இல்லாதவர்.

"என்னம்மா இது?"

"மடக்கு சைக்கிள் சார்."

"மடக்கு சைக்கிள்னா மடக்கித்தானே கொண்டு வரணும்? மடக்காம கொண்டு வந்தா முழு சைக்கிள் கணக்கு."

"மடக்கு சைக்கிள்தான் சார். ஆனா மடங்காது."

இதை அவர் சொல்லளவில் ஏற்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடியைத் தூக்கி, தாமே மடக்கிப் பார்த்தார். முட்டியைக் கொடுத்தும் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"வெல்டிங் பண்ணியிருக்கே."

"ஆமா சார்."

"யாரு பண்ணது?"

"ஊட்டுக்காரரு சார். சீக்கிரம் எழுதுங்க சார், முழு சைக்கிள்னே எழுதுங்க."

"நல்லாத்தான் பண்ணியிருக்காரு" என்று சொல்லி, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, ஓவியம் வரைவதுபோல் எழுதத் தொடங்கினார். பெயரில் இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று கேட்டார். ஞானம்மா எத்தனை சுழி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். கட்ட வேண்டியதைக் கட்டி வெளியே வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து.

கூடை நிறையக் கானாங்கெளுத்தி. ரோசம்மாள் அதைக் கேரியரில் கயிற்றால் கட்டி, சைக்கிளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். ஞானம்மா மிதித்தார். சரக்கு லாரிகளுக்கு ஓரமாக, இரும்பு உருக்கும் ஆலைகளைக் கடந்து, நெற்றி வியர்வையைத் துடைக்காமல் மிதித்தார். இரண்டு காக்கைகள் தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் கூடை எழும்பி அமர்ந்தது. சைக்கிள் முனகக்கூட இல்லை. அந்த நான்கு கிலோமீட்டரும் கணவரைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை.

சிப்காட் முக்கில் ரோசம்மாள் இல்லை. கைப்பேசியில் அழைத்தார்.

"அக்கா, எங்க கீறீங்க?"

"ஸ்டேஷன் வாசல்லியேதான் கீறேன்டி! இன்னும் ஒரு டிக்கெட்டு வர்ணுமாம்!"

மீனைச் சாலையில் வைத்துவிட்டுப் போக முடியாது; காக்கைகள் இப்போது ஐந்தாகியிருந்தன. கொண்டு போகவும் முடியாது. ரோசம்மாளைத் தொழிற்சாலை வாசலுக்கு வரச்சொல்லிவிட்டு ஞானம்மா கொண்டே போனார். வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

"மீனு உள்ள வராதும்மா."

"எட்டாவப் போவுதுண்ணா!"

"நீங்க வாங்க. சைக்கிள் வரட்டும். மீனு வராது."

அப்போது எதிர் அறைக் கதவு திறந்தது. தலையைச் சீவியபடி குணா வெளியே வந்தார். ஞானம்மா கயிற்றை அவிழ்த்தார். லைன் இன்சார்ஜ் என்ற முறையில் அவர் குணாவுக்கு இட்ட முதல் உத்தரவு பின்வருமாறு:

"குணா, இங்க வா. இந்தக் கூடைய பாத்துக்கோ. காக்கா வரும், உடாத. ரோசம்மாள்னு ஒர்த்தங்க ஆட்டோல வருவாங்க. அவங்க கைல குடுத்துட்டு உள்ள வா."

"அக்கா, எனக்கு ஷிப்டு..."

"நீ டென்ஷன் ஆவாத. மெதுவா வா. லைன நான் பாத்துக்கறேன்."

குணா சீப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஞானம்மா கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்தபோது மணி ஏழு ஐம்பத்தெட்டு. முதல்முறை இயந்திரம் ஏற்கவில்லை. விரலில் செதில் ஒட்டியிருந்தது. துடைத்து மறுபடி வைத்தார். ஏற்றது.

இரவு ஷிப்ட் இன்சார்ஜ் லைனை ஒப்படைக்கும்போது இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார்.  குணா எட்டு இருபத்தொன்றுக்கு உள்ளே வந்தார். லைன் இன்சார்ஜின் கடமைகளுள் ஒன்று, தாமதமாக வருபவரின் பெயரையும் காரணத்தையும் எழுதுவது. ஞானம்மா உண்மையை எழுதினார்.

பத்து மணிக்குத் தணிகைவேல் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"ஞானம்மா, குணா லேட்டுக்குக் காரணம் 'மீன் காவல்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"யாரு மீனு?"

"சிப்காட் முக்குல விக்கிற மீனு சார். நான்தான் அவன நிக்க சொன்னேன்."

தணிகைவேல் பேனாவை மூடினார். "நீங்க சொல்லி நின்னான்னா, அது அவன் லேட் இல்லியே. உங்க லேட்டாதான எழுதணும்?"

 பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்த மூடி மேசையைக் கண்ணாடித் தடுப்பு வழியே ஞானம்மா பார்த்தார். அங்கே ஒரு முக்காலி காலியாகத்தான் இருந்தது.

"எழுதுங்க சார்" என்றார். "நான் சொன்னது நெசம்தான்."

குணா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், அக்கா சொன்னாங்க, சரி. ஆனா அந்தம்மா எட்டு அஞ்சுக்கே வந்துட்டாங்க. நான் அப்பவே வந்திருக்கலாம்."

"அப்ப மீதி நேரம் எங்க போன?"

"அரைக் கிலோ சும்மா குடுத்தாங்க சார். ரூம்ல கொண்டு போயி கழுவி, மஞ்சத் தூளு போட்டு வெச்சுட்டு வந்தேன். வெயில்ல கெட்டுப் போவுமில்ல?"

தணிகைவேல் பேனாவைத் திறந்தார். "அப்ப அது உன் லேட்டு."

"என் லேட்டுதான் சார்."

அன்று மாலை சின்னதுரை கட்டிங் மிஷினுடன் வீட்டு வாசலில் காத்திருந்தார். நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியாக இழுத்து, கண்ணாடியும் மாட்டித் தயாராக இருந்தார். முகம் வாடியிருந்தது.

"குடு. அஞ்சு நிமிஷத்துல அறுத்து, பழைய மாறி மடங்க வெச்சுடறேன்."

"ஒண்ணும் வேணாம். இப்பத்தான் அது வண்டி மாறி கீது" என்றார் ஞானம்மா. "ஆனா மீன் கூடை பள்ளத்துல எகிறுது. கேரியர்ல ஒரு வளையம் போட்டுக் குடு."

சின்னதுரை வளையத்தை அன்றே போட்டார். மறுநாள் கூடை ஆடுகிறதா என்று கேட்டு, ஆடவில்லை என்று அறிந்தும், இன்னொரு கம்பி சேர்த்தார். ஞானம்மா சைக்கிளுக்கு உரிய சீட்டை முறையாக எடுத்து, வியாபாரிகள் பெட்டியிலேயே ஏற்றி வரத் தொடங்கினார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த அத்திப்பட்டுப் பெண்மணி, தம் முட்டிக்கு நேர்ந்திருக்கக்கூடிய கதியை ஜபீனிடம் விளக்கினார். சிப்காட் முக்கில் தேநீர்க் கடைக்காரர் கூடையை வாங்கி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். குணாவை இனி நம்ப வேண்டாம் என்பது ரோசம்மாளின் கருத்து. குணா மஞ்சள் தூள் போட்ட மீனில் தமக்கு ஒரு துண்டுகூட வரவில்லை என்றார்.

2024 ஜூலை 1, திங்கட்கிழமை, சி. ஞானம்மா பகல் ஷிப்டின் லைன் இன்சார்ஜாக நிரந்தரம் செய்யப்பட்டார். ஆணையைக் கொடுத்தபோது, இனிமேல் உள்ளே வருமுன் கையை எலுமிச்சம்பழத்தால் கழுவிக்கொள்ளுமாறு தணிகைவேல் கேட்டுக்கொண்டார்.

வாங்கிய நாள் முதல் 2025 ஜனவரி 31 வரை அந்த மடக்கு சைக்கிள் மடக்கப்பட்ட மொத்தத் தடவைகள்: ஏழு.